பைத்தான் தெரிந்தவர் சி மொழிக்குப் போனால் எங்கெங்கே இடறும்?

#1 · புதுமுனை

பைத்தான்ல லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி, ஃபைல் எல்லாம் சரளமா வரும். அடுத்த செமஸ்டர்ல சி பேப்பர் இருக்கு. ஃபார், இஃப், வைல் எல்லாம் பழகிருச்சு, அரைப்புள்ளியும் மறக்கிறதில்ல. ஆனா கம்பைல் ஆன புரோகிராம் ஒரு தடவை சரியான விடை தருது, இன்னொரு தடவை குப்பை தருது, சில சமயம் "செக்மென்டேஷன் ஃபால்ட்"னு ஒரே வரியோட நின்னுடுது. பைத்தான்னா எந்த வரி, என்ன பிழைன்னு காட்டிடும். இங்க எதுவும் சொல்றதில்ல.

எதை முதல்ல படிக்கணும்? எந்தக் கம்பைலர் நல்லது? காலேஜ் லேப்ல டர்போ சி தான் இருக்கு.

#2 · நினைவகன்

பைத்தானில் பழகியவருக்கு சின்டாக்ஸ் ஒரு தடையே அல்ல. பைத்தான் உங்களுக்காகப் பின்னால் இருந்து செய்துகொண்டிருந்த சோதனைகளை சி செய்யாது, வேறுபாடு அங்கேதான். 10 உறுப்புள்ள லிஸ்டில் 15-ஆவதைக் கேட்டால் பைத்தான் இன்டெக்ஸ் எரர் கொடுத்து நிறுத்திவிடும். சி-யில் 10 உறுப்புள்ள அரேயில் 15-ஆவதைக் கேட்டால், அந்த முகவரியில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும். அது இன்னொரு வேரியபிளாக இருக்கலாம், பழைய குப்பையாக இருக்கலாம், உங்கள் புரோகிராமுக்குச் சொந்தமில்லாத பக்கமாகவும் இருக்கலாம். கடைசி வகையில் மட்டும்தான் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். ஆகவே ஃபால்ட் வந்தால் சந்தோஷப்படுங்கள், மற்ற இரண்டும் சத்தமில்லாமல் தப்பான விடை தரும்.

இதற்கு மொழித் தரத்தில் இருக்கும் பெயர் "அன்டிஃபைன்ட் பிஹேவியர்". இன்ன விளைவுதான் வரும் என்று தரம் சொல்லாது. ஆகவே "என் கணினியில் சரியாக ஓடியது" என்பது சி-யில் சான்று ஆகாது.

அதனால் பாடத்துக்கு முன்னால் கருவி. லினக்ஸ், அல்லது விண்டோஸில் டபிள்யூ-எஸ்-எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பில்ட்-எசென்ஷியல் என்ற பேக்கேஜை நிறுவினால் ஜிசிசி என்ற சி கம்பைலர் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு கம்பைலுக்கும் இந்த நான்கு ஆப்ஷன்கள் கட்டாயம்: டபிள்யூ-ஆல் (-Wall), டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra), ஜி (-g), எஃப்-சானிடைஸ் (-fsanitize). கடைசியதற்கு சமக்குறி போட்டு அட்ரஸ், கமா, அன்டிஃபைன்ட் என்று இரண்டையும் கொடுங்கள்.

முதல் இரண்டும் எச்சரிக்கைகள். ஜி என்பது வரி எண்ணைப் பைனரியில் பதிக்கும். நான்காவதுதான் உங்கள் கேள்விக்கு விடை: அரேயின் எல்லை தாண்டினால், விடுவித்த மெமரியைத் தொட்டால், முழு எண் நிரம்பி வழிந்தால், எந்த வரி என்று காட்டும், மெமரிப் பிழை என்றால் எந்த ஃபங்ஷனிலிருந்து அழைக்கப்பட்டது என்றும் பைத்தான் டிரேஸ்பேக் போலவே காட்டும். புரோகிராம் ஏறக்குறைய இரு மடங்கு மெதுவாகும். படிக்கும் காலத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

#3 · அரைப்புள்ளி

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. தொடக்க மதிப்பு கொடுக்காத வேரியபிளை அட்ரஸ் சானிடைசர் (எஃப்-சானிடைஸ் ஆப்ஷன் சேர்க்கும் சோதனை) பிடிக்காது. ஃபங்ஷனுக்குள் "இன்ட் மொத்தம்;" (இன்ட் என்பது முழு எண் வகை) என்று மட்டும் எழுதி அதில் கூட்டிக்கொண்டே போனால், ஆரம்பத்தில் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் வேரியபிள்கள் இருக்கும் மெமரிப் பகுதி) என்ன கிடந்ததோ அதோடு சேர்த்துக் கூட்டும். ஒரு தடவை சரி, ஒரு தடவை குப்பை என்ற அறிகுறிக்கு இது முதல் சந்தேகம். பைத்தானில் மதிப்பே கொடுக்காத பெயரை எடுத்தால் நேம் எரர் வரும், அந்தப் பழக்கம் இங்கே காப்பாற்றாது.

இதைப் பிடிக்க வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி வேண்டும். சானிடைசர் போடாமல் தனியாகக் கம்பைல் செய்து வால்கிரைண்டில் ஓட்டுங்கள், இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. வால்கிரைண்ட் இருபது முப்பது மடங்கு மெதுவாக்கும். ஸ்டாக்கில் உள்ள அரே எல்லை தாண்டினால் பெரும்பாலும் அதற்குத் தெரியாது, அது சானிடைசரின் வேலை. ஆக இரண்டுமே தேவை.

அதைவிட எளிய வழி: அறிவிக்கும் இடத்திலேயே மதிப்பு கொடுங்கள். எண்ணுக்கு 0, பாயின்டருக்கு (முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) நல் (NULL, எதையும் சுட்டாத முகவரி).

#4 · நங்கூரம்

டர்போ சி பத்தி யாரும் சொல்லலையே. அது 1987-ல டாஸ்ங்கிற அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்த சாமான். லேப்ல இப்ப டாஸ்பாக்ஸ்னு டாஸ் மாதிரி நடிக்கிற புரோகிராமுக்குள்ள வெச்சு ஓட்டுறாங்க. பரீட்சைக்கு வேணும்னா வெச்சுக்கங்க, வீட்ல அதுல பழகாதீங்க. காரணம் இதுதான்:

அதுல இன்ட்ங்கிறது 16 பிட். 32767-ஐத் தாண்டினா -32768-க்குப் போயிடும். 7 ஃபேக்டோரியல் (1-ல இருந்து 7 வரைக்கும் பெருக்கினது) 5040, சரியா வரும். 8 ஃபேக்டோரியல் 40320 வரணும், லேப்ல -25216னு நிக்கும். அதே புரோகிராமை ஜிசிசில ஓட்டினா 12 ஃபேக்டோரியல் வரைக்கும் சரி, 13-ல கோணும். "எங்க வீட்ல சரியா வந்துச்சு சார்"னு லேப்ல நிக்கிறதுக்கு இது ஒண்ணு போதும்.

டாஸ்ல மெமரி பாதுகாப்பே கிடையாது. தப்பான பாயின்டர்ல எழுதினா செக்மென்டேஷன் ஃபால்ட் வராது, கமுக்கமா எங்கயாவது எழுதிட்டுப் போகும். திரையைத் துடைக்கிற கிளியர்-ஸ்கிரீன், ஒரு விசையை வாங்குற கெட்ச், அதுக்கான கோனியோ ஹெடர் (conio.h) எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு, லினக்ஸ்ல கம்பைலே ஆகாது. வாய்டு மெயின்னு எழுதாதீங்க, இன்ட் மெயின்தான். ஃபார் அடைப்புக்குள்ளயே "இன்ட் ஐ = 0" போடுறது 1999 தரத்துல வந்தது, டர்போ சில அது ஓடாது. லேப்புக்கு வேரியபிள் எல்லாத்தையும் பிளாக் தொடக்கத்துலயே அறிவிச்சுடுங்க, ரெண்டு இடத்துலயும் செல்லும்.

#5 · பிட்டுக்கணக்கு

எண்கள் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், பைத்தான்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, மெமரி உள்ளவரை வளரும். அதற்கு விலை உண்டு: 64 பிட் கணினியில் 1 என்ற எண் மட்டுமே 28 பைட் பிடிக்கும். ஜிசிசியில் சி-யின் இன்ட் 4 பைட். எல்லை 2147483647. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது சைன்டு (மைனஸும் ஏற்கும்) எண்ணுக்கு வரையறுக்கப்படவில்லை. பெரும்பாலும் சுற்றி வந்து மைனஸில் நிற்கும், ஆனால் அதை நம்பிப் புரோகிராம் எழுதக்கூடாது. ஆப்டிமைசர் (புரோகிராமை வேகமாக்கும் கம்பைலர் பகுதி) "வழிதல் நடக்கவே நடக்காது" என்று எடுத்துக்கொண்டு உங்கள் சோதனை வரியையே நீக்கிவிடலாம். "ஏ + 1 < ஏ என்றால் வழிந்துவிட்டது" என்ற சோதனை இப்படித்தான் காணாமல் போகும். கூட்டுவதற்கு முன் சோதியுங்கள். அகலம் முக்கியமென்றால் ஸ்டட்இன்ட் ஹெடரில் (stdint.h) இருக்கும் 32, 64 பிட் வகைகளை எடுங்கள். 64 பிட்டில் 20 ஃபேக்டோரியல் வரை கொள்ளும்.

வகுத்தல்: பைத்தானில் 7 / 2 என்றால் 3.5. சி-யில் இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடை 3. சராசரி எடுக்கும் புரோகிராமில் இதைப் பார்க்காத ஆளில்லை. மொத்தத்தை டபுளாக (தசம எண் வகை) மாற்றிய பிறகு வகுங்கள். வகுத்த பிறகு மாற்றினால் 3.0 தான் வரும்.

மைனஸ் எண் இன்னும் நுணுக்கம். பைத்தானின் // கீழ்நோக்கி இறக்கும், சி பூஜ்யத்தை நோக்கி வெட்டும். -7 // 2 பைத்தானில் -4, சி-யில் -7 / 2 என்பது -3. மீதியும் அதற்கேற்ப மாறும்: -7 % 3 பைத்தானில் 2, சி-யில் -1. வட்டமாகச் சுற்றும் க்யூவில் "(ஐ - 1) % என்" (ஐ இப்போதைய இடம், என் மொத்த இடங்கள்) என்று முந்தைய இடத்தைக் கண்டுபிடிக்கும் வரி பைத்தானில் அழகாக ஓடும். சி-யில் ஐ பூஜ்யமாக இருக்கும்போது -1 வரும், அரேயின் -1 இடம் என்பது கடைசி உறுப்பல்ல, அரேக்கு முன்னால் உள்ள மெமரி. "(ஐ - 1 + என்) % என்" என்று எழுதுங்கள்.

அன்சைன்டு (மைனஸே இல்லாத எண்) இன்னொரு பொறி. அப்படிப்பட்ட சைஸ்-டி (size_t) வகையில் ஐ வைத்துக்கொண்டு, ஐ >= 0 வரை பின்னோக்கி ஓடும் லூப் முடியவே முடியாது. 0-இலிருந்து ஒன்றைக் கழித்தால் மிகப் பெரிய எண் வரும். டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டிருந்தால் "இந்த நிபந்தனை எப்போதும் உண்மை" என்று எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைப் படிக்கிற பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

#6 · புதுமுனை

நன்றி, சானிடைசர் போட்டுப் பாத்தேன், மூணு இடத்துல எல்லை தாண்டுதுன்னு காட்டுது. இப்ப ஸ்ட்ரிங். ரெண்டு பெயரை == வெச்சு ஒப்பிட்டா ரெண்டும் ஒண்ணா இருந்தாலும் இல்லைன்னு வருது. அப்புறம் "வணக்கம்"னு கொடுத்து நீளம் கேட்டா 21ங்குது! பைத்தான்ல 7 வந்துச்சு.

#7 · நினைவகன்

இரண்டு விடையும் சரி, நீங்கள் கேட்டது இரண்டு வேறு கேள்விகள்.

பைத்தான் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஆக 7. நாம் எழுத்தாக எண்ணினால் வ, ண, க், க, ம் என்று 5. சி-யின் ஸ்டர்லென் பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், 7 × 3 = 21. இதைச் சேமிக்க 22 பைட் வேண்டும், ஏனென்றால் சி ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்ட \0 என்ற பூஜ்ய பைட் ஒன்று கடைசியில் இருக்கவேண்டும். அந்த ஒரு பைட்டுக்கு இடம் விடாததுதான் தொடக்கநிலை எல்லைமீறல்களில் பெரும்பங்கு.

இதன் விளைவுகள் நடைமுறையில்: ஸ்ட்ரிங்கைப் பைட் பைட்டாகத் திருப்பிப் போட்டால் ஆங்கிலம் சரியாக வரும், தமிழ் உடைந்து கட்டம் கட்டமாக வரும். அச்சிடும் பிரின்ட்எஃப்-இல் அகலம் 10 என்று கொடுத்துப் பத்தி சீராக்கினால் அது பைட் கணக்கு, தமிழ்ப் பெயர்கள் கோணலாக நிற்கும். ஒற்றை மேற்கோளுக்குள் "அ" போட்டு ஒரு சார் (char, 1 பைட் எழுத்து வகை) வேரியபிளில் வைக்க முடியாது, 3 பைட் 1 பைட்டில் அடங்காது.

== பற்றி: சி-யில் ஸ்ட்ரிங்கின் பெயர் என்பது முதல் பைட்டின் முகவரி. == முகவரிகளை ஒப்பிடும், உள்ளடக்கத்தை அல்ல. உள்ளடக்கத்தை ஒப்பிட ஸ்டர்கம்ப் (strcmp) பயன்படுத்துங்கள். அது சமமென்றால் 0 தரும். "இஃப் ஸ்டர்கம்ப்" என்று மட்டும் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். == 0 என்று முழுதாக எழுதுவதே நல்லது.

#8 · அரைப்புள்ளி

ஸ்ட்ரிங்கில் இன்னும் சில:

இரண்டு ஸ்ட்ரிங்கை + போட்டு இணைக்க முடியாது, கம்பைலரே தடுக்கும். ஆனால் ஸ்ட்ரிங் + 1 தடையின்றிப் போகும். ஒன்று சேர்க்கப்படாது, முகவரி ஒரு பைட் தள்ளிப்போகும், முதல் எழுத்து காணாமல் போகும்.

உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் அகலம் சொல்லாமல் ஸ்ட்ரிங் வாங்காதீர்கள். பயனர் எவ்வளவு அடித்தாலும் எழுதிக்கொண்டே போகும். எண் வாங்கும்போது பயனர் எழுத்தை அடித்தால் அந்த எழுத்து உள்ளீட்டிலேயே தங்கிவிடும், லூப்பில் இருந்தால் அதையே படித்துப் படித்து முடிவில்லாமல் சுற்றும். எஃப்கெட்ஸ் வைத்து முழு வரியை வாங்கி, ஸ்டர்-டூ-எல் வைத்து எண்ணாக்குங்கள். அது எங்கே நின்றது என்பதை இரண்டாவது ஆர்குமென்டில் சொல்லும், முழுதும் எண்தானா என்று அதை வைத்தே சோதிக்கலாம். எஃப்கெட்ஸ் வரி இறுதியின் நியூலைனையும் சேர்த்துத் தரும், நீக்க மறந்தால் ஸ்டர்கம்ப் சமமென்று சொல்லாது.

டபுள் வாங்க ஸ்கேன்எஃப்-இல் எல்-எஃப் (%lf), அச்சிட பிரின்ட்எஃப்-இல் எஃப் (%f) போதும். பைத்தானின் ஃப்ளோட் என்பது சி-யின் டபுள், சி-யின் ஃப்ளோட் அதில் பாதி.

#9 · ஓடைவழி

இவ்வளவு தொல்லை எதற்கு? பைத்தானுக்கு அடுத்த படி வேண்டுமென்றால் கோ (Go) மொழி படிக்கட்டும். கார்பேஜ் கலெக்டர் (வேண்டாத மெமரியைத் தானே விடுவிக்கும் பகுதி) இருக்கிறது, எல்லை தாண்டினால் நின்றுவிடும், மேப் (டிக்ஷனரி) மொழியிலேயே இருக்கிறது. மெமரியைத் தானே ஆளவேண்டுமென்றால் ரஸ்ட் மொழி, மெமரிக்கு யார் சொந்தக்காரர் என்பதைக் கம்பைலரே சோதிக்கும். மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய விதிகளைக் கருவிதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

#10 · நினைவகன்

புதிதாகத் தொடங்கும் வேலைக்கு என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவருக்கு சி பேப்பர் எழுதவேண்டும். அது போக, ரஸ்ட் கம்பைலர் "இந்த மதிப்பு நகர்ந்துவிட்டது" என்று மறுக்கும்போது ஏன் மறுக்கிறது என்று புரிய, இரண்டு பேர் ஒரே மெமரியை விடுவித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கவேண்டும். பைத்தானின் வழக்கமான இன்டர்பிரட்டரே சி-யில் எழுதியதுதான். பைத்தான் லிஸ்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே சி-யில் செய்யவேண்டியது விளங்கும்.

லிஸ்டில் அப்பென்ட் செய்யும்போது இடம் போதவில்லை என்றால் பைத்தான், தேவைக்கு மேல் சுமார் எட்டில் ஒரு பங்கு சேர்த்து எடுத்துக்கொள்ளும். சி-யில் இதை நீங்களே எழுதவேண்டும். ஒரு ஸ்டிரக்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை), அதில் மூன்று: தரவின் பாயின்டர், இப்போது எத்தனை இருக்கிறது, எத்தனைக்கு இடம் இருக்கிறது. முதலில் 8 இடம். நிரம்பினால் ரீஆலாக் (எடுத்த மெமரியின் அளவை மாற்றும் ஃபங்ஷன்) வைத்து இரட்டிப்பு. ஒவ்வொன்றாக வளர்த்தால் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் நகலெடுக்க நேரலாம், தரவு பெருகும்போது படுத்துவிடும்.

ரீஆலாக்கில் இரண்டு பொறி. திரும்பி வரும் முகவரியைப் பழைய பாயின்டரிலேயே நேராக வைக்காதீர்கள். இடம் கிடைக்காமல் நல் வந்தால் பழைய முகவரி தொலைந்துவிடும், விடுவிக்கவும் வழியில்லை. தற்காலிகப் பாயின்டரில் வாங்கி, நல் இல்லையென்று பார்த்து, பிறகு மாற்றுங்கள். இரண்டாவது, ரீஆலாக் தரவை வேறிடத்துக்கு நகர்த்தலாம். ஓர் உறுப்பின் முகவரியை முன்பே வேறெங்காவது குறித்து வைத்திருந்தால் அது செத்த முகவரி. முகவரிக்குப் பதிலாக இன்டெக்ஸைக் குறித்து வையுங்கள்.

அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பினால் நீளம் கூடப் போகாது, முகவரி மட்டுமே போகும். ஃபங்ஷனுக்குள் சைஸ்ஆஃப் (பைட் அளவைத் தருவது) போட்டால் பாயின்டரின் 8 பைட்தான் வரும். அதை இன்ட்டின் 4 பைட்டால் வகுத்தால் எந்த அரேக்கும் நீளம் 2! நீளத்தைத் தனி ஆர்குமென்டாக அனுப்புவது தவிர வழியில்லை.

ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயின் முகவரியைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் உங்களுடையது அல்ல. லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி. முப்பது லட்சம் இன்ட் கொண்ட அரேயை ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் 12 எம்பி, உடனே விழும். பெரியதெல்லாம் மாலாக்கில் (ஸ்டாக்குக்கு வெளியே மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்).

#11 · நங்கூரம்

டிக்ஷனரி எங்கன்னு அடுத்து கேப்பீங்க. கிடையாது. சில ஆயிரம் உறுப்புன்னா ஸ்டிரக்ட் அரேல வெச்சு கியூசார்ட்ல வரிசைப்படுத்தி பிசர்ச்சுல தேடுங்க, ரெண்டும் சி-யோடயே வர்ற ஸ்டட்லிப்லயே இருக்கு. பெருசா வேணும்னா ஜிலிப் லைப்ரரில ஹேஷ் டேபிள் (டிக்ஷனரி மாதிரி) இருக்கு. கத்துக்கறதுக்கு ஒரு தடவை கையால எழுதிப் பாருங்க, நூறு நூத்தம்பது வரில முடிஞ்சுரும்.

டிரை எக்செப்டும் கிடையாது. ஃபைல் திறக்கிற எஃப்ஓப்பன் நல் தருதான்னு பாக்கணும், மாலாக் நல் தருதான்னு பாக்கணும், ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்பு வாங்குச்சுன்னு பாக்கணும். ஒரே ஃபங்ஷன்ல மூணு நாலு மாலாக் இருந்து நடுவுல ஒண்ணு தோத்தா என்ன பண்றதுன்னு குழம்புவீங்க. எல்லாப் பாயின்டரையும் மேலயே நல்லு ஆக்கிட்டு, தோத்தா கோட்டூ (goto, குறிச்ச இடத்துக்குத் தாவுறது) போட்டுக் கடைசில ஒரே இடத்துக்குப் போய் எல்லாத்தையும் ஃப்ரீ பண்ணுங்க (மெமரியை விடுவிக்கிறது). நல்லை ஃப்ரீ பண்ணினா ஒண்ணும் ஆகாது. கோட்டூன்னா பாவம்னு வகுப்புல சொல்லுவாங்க, லினக்ஸ் கெர்னல் முழுக்க இந்த முறைதான்.

#12 · புதுமுனை

ஃபைல்ல இருந்து பெயர்களைப் படிச்சு வரிசைப்படுத்துற புரோகிராம். எஃப்கெட்ஸ்ல 100 பைட் பஃபர், ஒவ்வொரு வரியையும் பாயின்டர் அரேல வெக்கிறேன். அச்சடிச்சா எல்லா இடத்துலயும் கடைசிப் பெயரே வருது. சானிடைசர் ஒண்ணும் சொல்லல. பைத்தான்ல இதே லாஜிக் ஓடுது.

#13 · அரைப்புள்ளி

பைத்தானில் ஒவ்வொரு வரியும் புதிய ஸ்ட்ரிங். இங்கே பஃபர் ஒன்றே ஒன்று, நீங்கள் அரேயில் வைத்தது அதன் முகவரியை. எல்லா இடத்திலும் ஒரே முகவரி, அதில் கடைசியாக எழுதியது கடைசிப் பெயர். எல்லை எதுவும் மீறப்படவில்லை, அதனால்தான் சானிடைசர் பேசவில்லை.

ஸ்டர்டப் வைத்து ஒவ்வொரு வரிக்கும் நகல் எடுத்து, அந்த நகலின் முகவரியை வையுங்கள். கம்பைல் செய்யும்போது மொழித் தரத்தை சி11 (2011 தரம்) என்று கறாராகக் குறித்திருந்தால் ஸ்டர்டப் அறிவிக்கப்படாது, அது சி23-இல்தான் தரத்துக்குள் வந்தது. ஜிஎன்யு11 (அதே தரம், ஜிசிசியின் கூடுதல் வசதிகளோடு) என்று குறியுங்கள். அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதைப் பழைய ஜிசிசி வெறும் எச்சரிக்கையாக விட்டுவிட்டு, திரும்பும் மதிப்பை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும், 64 பிட் முகவரி பாதியாக வெட்டப்படும். ஜிசிசி 14 முதல் இது பிழை.

#14 · பிட்டுக்கணக்கு

அடுத்து கியூசார்ட்டில் மாட்டுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு உறுப்பு வராது, உறுப்பின் முகவரி வரும். உங்கள் உறுப்பே ஒரு சார் பாயின்டர், ஆகவே வருவது பாயின்டருக்குப் பாயின்டர். அதை நேராக ஸ்டர்கம்ப்புக்குக் கொடுத்தால் கம்பைல் ஆகும், எச்சரிக்கையும் வராது, வரிசை மட்டும் குளறுபடியாக இருக்கும். இரண்டு நட்சத்திரப் பாயின்டராக மாற்றி, ஒரு நட்சத்திரம் போட்டு எடுத்து, பிறகு ஸ்டர்கம்ப். எண்களை ஒப்பிடும்போது கழித்து விடை அனுப்பாதீர்கள், பெரிய எண்ணில் வழியும். பெரிதா சிறிதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பெயர்கள் தமிழில் என்றால், ஸ்டர்கம்ப் தரும் வரிசை அகராதி வரிசை அல்ல. யூனிகோடில் ற, ர-வுக்கு அடுத்து நிற்கிறது, ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது, புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. பைத்தானின் சார்ட்டும் இதே வரிசைதான் தரும், ஆக இது சி-யின் குற்றமில்லை. பேப்பருக்கு ஆங்கிலப் பெயர்களே போதும்.

முடிவில் முதலில் ஒவ்வொரு பெயரையும் ஃப்ரீ செய்து, பிறகு பாயின்டர் அரேயை ஃப்ரீ செய்யுங்கள். மாற்றிச் செய்தால் விடுவித்த அரேக்குள் முகவரி தேடுவீர்கள், சானிடைசர் அந்த வரியிலேயே நிறுத்தும். பெயர்களை விட்டுவிட்டு அரேயை மட்டும் விடுவித்தால், புரோகிராம் முடியும்போது எத்தனை பைட் கசிந்தது, எந்த ஸ்டர்டப் வரியில் எடுத்தது என்று பட்டியல் வரும்.